ஓடுபவரின் பை

1786 ஜூன் 1 அன்று சென்னைக் கோட்டைக்குள் பொது அஞ்சல் அலுவலகம் தொடங்கியது. அப்போது ஆளுநராக இருந்தவர் ஆர்ச்சிபால்டு கேம்பெல். அந்நாளில் தபாலைச் சுமந்தவை மனிதக் கால்கள்தான். தபால் ஓட்டக்காரர் கோலில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, சலங்கை குலுங்க ஓடி, அடுத்தவரிடம் மாற்றிவிடுவார். பையின் தையல் விட்டுப்போனால் ஓட்டமே வீண். அந்த உழைப்பை நம் வரலாறு போதுமான அளவு நினைப்பதில்லை.

பின்னாளில் தாம்பரம் ரயிலைப் பிடிக்க ஓடிய ஓட்டம் வேறு வகை. 1931 மே 11-இல் சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது.

பல்லாவரம், குரோம்பேட்டையில் வீடு, பட்டணத்தில் வேலை என்ற வாழ்க்கைக்கு அது வழிவிட்டது. காலை ரயிலைப் பிடிக்க ஓடியவர் கையில் சாப்பாட்டுடன் துணிப்பை, பிறகு ரெக்சின் பை. தோள்பை வந்த பிறகுதான் இரு கைகளும் விடுபட்டன.

இன்று அலுவலகத்துக்கே ஓடிச் செல்ல நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தோள்பட்டை வார் பையோடு சேரும் தையலை. சுமை இழுப்பது அங்கேதான். மார்பிலும் இடுப்பிலும் பட்டை இருந்தால் பை குலுங்காது. ஐப்பசி மழைக்கு உறையும் வேண்டும். விலையைப் பிறகு பாருங்கள்.