எச்.எம். என்னும் மனிதர்: நினைவாற்றல் ஆய்வு வரலாற்றில் ஓர் அத்தியாயம்

ஒரு செய்தி நம் உள்ளத்தில் நிலைத்துவிட்டால் 'மனத்தில் பதிந்துவிட்டது' என்று சொல்கிறோம். ஈரமண்ணில் காலடி பதிவதைப் போல நினைவும் எங்கோ ஓரிடத்தில் தடமாகக் கிடக்கிறது என்னும் எண்ணம் அச்சொல்லுக்குள் இருக்கிறது. பிளேட்டோவும் 'தியேட்டிட்டஸ்' என்னும் உரையாடலில், உள்ளத்தை மெழுகுப் பலகையாகவும் நினைவை அதில் அழுந்திய முத்திரையாகவும் உருவகித்தார். அந்தத் தடம் உடலில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் நெடுங்காலம் விடையில்லை.

நினைவைச் சோதனை மூலம் அளக்க முடியும் என்று காட்டியவர் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதி எவ்வேகத்தில் நிகழ்கிறது என்பதைக் கணக்கிட்டு 1885இல் நூலாக வெளியிட்டார். புதிய நினைவு கெட்டிப்படச் சிறிது காலம் தேவை என்னும் கருத்தை 1900இல் முல்லரும் பில்செக்கரும் முன்வைத்தனர். அமெரிக்கரான கார்ல் லாஷ்லி எலிகளின் மூளைப்புறணியைப் பகுதி பகுதியாக அகற்றி, நினைவின் இருப்பிடத்தைப் பல ஆண்டுகள் தேடினார். கிடைக்கவில்லை. இச்சான்றுகளைப் பார்த்தால் கற்றல் என்பதே இயலாத செயல் என்று முடிவு கட்டத் தோன்றுகிறது என 1950ஆம் ஆண்டுக் கட்டுரையில் பாதி வேடிக்கையாக எழுதினார். நினைவு மூளை முழுவதும் பரவியிருப்பது, அதற்கெனத் தனியிடம் கிடையாது என்பதே அன்றைய பொதுக்கருத்தாக இருந்தது.

அக்கருத்தை மாற்றியது ஒரு மனிதருக்கு நேர்ந்த பேரிழப்பு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1926இல் பிறந்த அவருக்குச் சிறுவயதிலேயே வலிப்பு நோய் தொடங்கியது. இளமையில் அது கடுமையாகி, உச்ச அளவு மருந்துக்கும் கட்டுப்படாமல், அவரால் வேலைக்குச் செல்ல இயலாத நிலை ஏற்பட்டது. 1953இல், அவருக்கு 27 வயதானபோது, ஹார்ட்ஃபோர்டு நகரின் மூளை அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் ஒரு சோதனைச் சிகிச்சையை மேற்கொண்டார். மூளையின் இருபுறத்துப் பொட்டு மடல்களின் உட்பகுதியும், அங்குள்ள ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியும் அகற்றப்பட்டன. வளைந்த கடற்குதிரையைப் போல் தோன்றுவதால் 16ஆம் நூற்றாண்டு உடற்கூற்றறிஞர் ஒருவர் அவ்வுறுப்புக்கு இட்ட பெயர் அது.

வலிப்பு பெரிதும் குறைந்தது. ஆனால் அன்று முதல் அவரால் புதிதாக எதையும் நினைவில் இருத்த முடியவில்லை. மருத்துவமனையில் தம்மைக் கவனித்துக்கொண்டவர்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கழிவறைக்கு வழி தெரியவில்லை. மருத்துவ உலகம் அவரை 'எச்.எம்.' என்னும் இரண்டெழுத்துகளால் குறிப்பிடத் தொடங்கியது.

மான்ட்ரியாலில் பணிபுரிந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், 1955இல் ஹார்ட்ஃபோர்டுக்குச் சென்று அவரைச் சோதித்தார். தேதியைக் கேட்டபோது 1953 மார்ச் என்றார் எச்.எம்.; வயதைக் கேட்டபோது 27 என்றார். சற்றுமுன் வேறொரு மருத்துவருடன் பேசியது அவருக்கு நினைவில்லை. ஆயினும் அவரது நுண்ணறிவு மதிப்பெண் 112. அதாவது சராசரிக்கு மேல். பேச்சும் பண்பும் பழுதின்றி இருந்தன. ஸ்கோவிலும் மில்னரும் 1957இல் வெளியிட்ட கட்டுரை, அறிவாற்றல் வேறு, நினைவாற்றல் வேறு என்பதையும், புதிய நினைவு உருவாக ஹிப்போகாம்பஸ் பகுதி இன்றியமையாதது என்பதையும் நிறுவியது.

நினைவு ஒன்றல்ல, பல என்பதும் எச்.எம். வழியாகவே தெளிவாயிற்று. ஒருமுறை 584 என்னும் எண்ணை நினைவில் வைக்கச் சொன்னபோது, அவ்விலக்கங்களை மனத்துக்குள் கூட்டியும் கோத்தும் 15 நிமிடம் தக்கவைத்துக்கொண்டார். கவனம் வேறுபக்கம் திரும்பிய சிறிது நேரத்தில் எண் மட்டுமன்று, அப்படியொரு எண் தரப்பட்டதே மறந்துபோயிற்று. குறுகிய கால நினைவு அவரிடம் இருந்தது. அது நீண்டகால நினைவாக மாறவில்லை.

வேறொரு சோதனையில், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திர வடிவின் இரு கோடுகளுக்கிடையே வரைய வேண்டும். மூன்று நாட்களில் அவரது பிழைகள் வெகுவாகக் குறைந்தன. ஒவ்வொரு நாளும் அச்சோதனை அவருக்குப் புதியதாகவே இருந்தது. கை மட்டும் கற்றுக்கொண்டிருந்தது. மிதிவண்டி ஓட்டும் திறனும் நேற்றைய நிகழ்வின் நினைவும் மூளையில் வெவ்வேறு வழிகளில் அமைகின்றன என்பதற்கு 1962இல் மில்னர் வெளியிட்ட இச்சோதனை அடிப்படையாயிற்று.

குழந்தைப் பருவ நிகழ்வுகளை அவரால் சொல்ல முடிந்தது. எனவே ஹிப்போகாம்பஸ் நினைவுகளின் நிரந்தரக் கிடங்கு அன்று என்று அறிஞர்கள் கருதினர். புதிய அனுபவத்தின் கூறுகளை அது இணைத்துக் கட்டுகிறது. காலப்போக்கில் புறணிப்பகுதிகளில் அவ்விணைப்புகள் வலுப்பெறுகின்றன. அடிக்கடி தூண்டப்படும் நரம்பிணைப்பு நெடுநேரம் வலுவாக நீடிப்பதை 1973இல் பிளிஸ், லோமோ ஆகியோர் முயலின் ஹிப்போகாம்பஸில் காட்டினர். கடல்நத்தையை ஆராய்ந்த எரிக் கேண்டல், நீண்டகால நினைவுக்கு நரம்பணுக்கள் புதிய புரதங்களை உருவாக்கி இணைப்புகளையே மாற்றியமைக்க வேண்டியிருப்பதை விளக்கி, 2000இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நினைவை மீட்டெடுப்பதும் பெட்டியைத் திறந்து பொருளை எடுப்பது போன்றதன்று. கேம்பிரிட்ஜின் ஃபிரெடரிக் பார்ட்லெட், மக்கள் ஒரு கதையைத் திரும்பச் சொல்லும்போது தமக்குப் பழகிய வடிவுக்கு அதை மாற்றிவிடுவதை 1932இல் எடுத்துக்காட்டினார். ஒவ்வொரு முறையும் நாம் நினைவைப் புதிதாகக் கட்டுகிறோம். மீட்டெடுக்கப்பட்ட நினைவு சிறிதுநேரம் நெகிழ்ந்து மீண்டும் கெட்டிப்பட வேண்டியிருக்கிறது என்பதை 2000இல் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது.

இவற்றையெல்லாம் நாம் அறிய உதவியவரின் வாழ்க்கை எத்தகையது? அவர் பெரிதும் நேசித்த உறவினர் ஒருவர் இறந்த செய்தி அவருக்குச் சொல்லப்பட்டது. துயருற்றார், பின் மறந்தார். அவர் எப்போது வருவார் என்று அவ்வப்போது கேட்பார். மரணச் செய்தியை மீண்டும் கேட்கும்போது முதன்முறை கேட்பதுபோலவே கலங்குவார். நமது துயரைக் காலம் ஆற்றுகிறது என்கிறோம். ஆற்றுவது நினைவுதான் என்பதை இதைப் படித்தபோதே நாம் உணர்ந்தோம். இழப்பை நினைவில் வைத்திருப்பவனுக்கே அது பழகிப்போகும்.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக எண்ணற்ற சோதனைகளுக்கு அவர் இன்முகத்துடன் ஒத்துழைத்தார். நேற்று ஒப்புக்கொண்டதை இன்று அறியாத ஒருவரின் ஒப்புதலுக்கு என்ன பொருள்? 1992இல் அவருக்குச் சட்டப்படி காப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட்டு, அவர் சார்பில் கையொப்பமிட்டார். பல்லாண்டுகள் அவரை ஆராய்ந்த சுசான் கார்க்கின், அவருடைய வாழ்வை 2013இல் நூலாக எழுதினார். அறுவை மருத்துவர் ஸ்கோவிலின் பேரனான லூக் டிட்ரிச், 2016இல் வெளியான தமது நூலில் இந்த ஒப்புதலைக் குறித்துக் கடுமையான கேள்விகளை எழுப்பினார். கார்க்கினின் சக ஆய்வாளர்கள் அவற்றுள் சிலவற்றை மறுத்தனர். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. அறிவைப் பெற்றுக்கொண்டவர்கள் என்ற முறையில் அக்கேள்வி நம்மையும் சேர்ந்தது என்று மட்டும் சொல்வோம்.

2008 டிசம்பர் 2 அன்று, 82ஆம் வயதில் அவர் மறைந்தார். ஓராண்டுக்குப் பின் சான் டியேகோவில் அவரது மூளை 53 மணி நேரத்தில் 2,401 மெல்லிய சீவல்களாக வெட்டப்பட்டது. உலகெங்குமிருந்து பலர் அதை இணையத்தில் நேரலையாகக் கண்டனர். 2014இல் வெளியான முடிவுகள், ஹிப்போகாம்பஸின் பின்பகுதி கணிசமாக எஞ்சியிருந்ததைக் காட்டின. அறுவை மருத்துவர் எண்ணியதைவிடக் குறைவாகவே அகற்றப்பட்டிருந்தது. பாடநூல்களிலும் திருத்தம் தேவைப்பட்டது.

மறைவுக்குப் பின்னரே அவர் பெயர் உலகுக்கு அறிவிக்கப்பட்டது: ஹென்றி மொலைசன். தம்மைச் சந்தித்த அறிஞர் எவரையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள இயலவில்லை. அவரை நாம் பெயர் சொல்லி நினைவில் வைத்திருப்போம்.