வில்லங்கமில்லாத நிலம்

வீட்டுக்கடன் கோப்பைப் பிரித்தால் முதலில் தாய்ப்பத்திரம், பிறகு பட்டா, அதன்பின் 30 வருஷத்திற்கான வில்லங்கச் சான்று. வங்கி குமாஸ்தாவின் சரித்திரப் பிரக்ஞை இந்த 30 வருஷத்தோடு முடிந்துவிடுகிறது. நிலத்தின் மீது அடமானம் இருந்தால் வில்லங்கம், ஜப்தி இருந்தால் வில்லங்கம். ஏரி இருந்திருந்தால் வில்லங்கமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்துபோன வாரத்தில் வேளச்சேரிக்காரர் ஒருவர் பத்திரத்தின் நகல் கேட்டு வந்தார். வீட்டில் வைத்திருந்த நகல் தண்ணீரோடு போய்விட்டது. மூலப்பத்திரம் எங்கள் பெட்டகத்தில் உலர்ந்த நிலையில் பத்திரமாக இருந்தது. நகலெடுத்துக் கொடுத்தேன். கோப்பில் எந்தக் குறையும் இல்லை என்பதுதான் உறுத்தியது.

சென்னை வீடு கட்டிக்கொண்ட கதையை 1920ஆம் வருஷத்து நகர அமைப்புச் சட்டத்திலிருந்து தொடங்கலாம். 1921இல் நகரின் ஜனத்தொகை சுமார் 5 லட்சத்து 27 ஆயிரம். 1931இல் 6 லட்சத்து 47 ஆயிரம். வந்தவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. மௌண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த ஏரியை வெள்ளைக்காரர்கள் ‘லாங் டாங்க்’ என்றார்கள். அதன் மாம்பலம் பகுதியை 1923 வாக்கில் வடித்து, மனை பிரித்து, 1925இல் காலமான பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரை இட்டார்கள். பூங்காவுக்குப் பனகல் அரசர், தெருவுக்கு டாக்டர் நாயர் என்று ஜஸ்டிஸ் கட்சியே அங்கு குடியேறிற்று. ஏரிக்கு மேற்கு மாம்பலத்தில் ஒரு ‘லேக் வியூ ரோடு’ மிஞ்சியது. அந்தத் தெருவில் நின்று எந்த லேக்கைப் பார்ப்பது என்று யாரும் கேட்பதில்லை.

யோசனை சொல்ல ஆளில்லாமலும் இது நடந்துவிடவில்லை. பாட்ரிக் கெடிஸ் தம் நகரக் கண்காட்சியோடு சென்னைக்கு வந்து, 1915இல் இம்மாகாணத்து ஊர்களைப் பற்றி அறிக்கைகள் எழுதியவர். மலேரியாவைக் காட்டிக் குளங்களைத் தூர்ப்பதை அவர் ஏற்கவில்லை. சுத்தம் செய்து மீன் விட்டு வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. குளம் ஊரைக் குளிர்விக்கிறது, கிணற்றுக்கு ஊற்றுக் கொடுக்கிறது என்பதை ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வந்து நமக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியும் பயனில்லை.

சுதந்திரத்திற்குப் பின் காரியம் இன்னும் ஒழுங்காக நடந்தது. வீட்டு வசதி வாரியம் 1961இல் வந்தது. முகப்பேரில் ‘ஏரித் திட்டம்’ என்பதே இன்று ஒரு முகவரி. ஏரி போய், திட்டம் நின்றுவிட்ட சொற்றொடர் இது. நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. வான்சிறப்பை இரண்டாவது அதிகாரமாக வைத்தவருக்கு நாம் கண்ட இடம் ஏரிப்படுகை. அதற்கு மூன்று வருஷம் முன்புதான், 1973இல், அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ புத்தகமாகியிருந்தது. குடங்களோடு அலையும் பெண்களின் தெருவை அதில் படித்தோம். அந்தத் தெருவையும் தூர்ந்த ஏரிகளையும் நம்மில் யாரும் சேர்த்து யோசித்ததாக எனக்கு நினைவில்லை.

ஏரி என்பது தனியான ஒரு பள்ளமல்ல. மேல் ஏரியின் கலங்கலில் வழிவது கீழ் ஏரிக்கு வரத்து. தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டரில் விழும் மழை இப்படி ஏரி மாற்றி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயைத் தொட்டுக் கோவளத்தில் கடல் சேர வேண்டும். நடுவில் ஒரு கண்ணியில் வீடு கட்டினால் அந்த வீடு மட்டும் நனைவதில்லை. சதுப்பின் பெரும்பகுதி குப்பைமேடும் சாலையும் கட்டடமும் ஆனபின், எஞ்சியதை 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். 2015லும் 2023லும் வேளச்சேரியில் நின்ற தண்ணீர் இந்தப் பழைய பாதையைத் தேடி வந்ததுதான்.

இங்கே சொற்களைக் கவனிக்க வேண்டியது நம் வேலை. சர்க்கார் ஏரியில் கட்டினால் ‘திட்டம்’. ஏழை குடிசை போட்டால் ‘ஆக்கிரமிப்பு’. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் சட்டம் வந்தது. 2015 வெள்ளத்திற்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்களைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்து அடுக்குகளுக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். வெள்ளத்திலிருந்து மீட்டு வெள்ளத்தில் குடியமர்த்துவதற்குச் சட்டத்தில் தடையில்லை. ‘புறம்போக்கு’ என்பது தீர்வைக் கணக்குக்கு வெளியே ஊர் முழுமைக்குமாக விடப்பட்ட நிலம்: ஏரி, மந்தைவெளி, சுடுகாடு. அதை நாம் வசவாக்கிக்கொண்டோம். யாருக்கும் சொந்தமில்லாதது எதற்கும் உதவாதது என்ற எண்ணம் பாஷைக்குள் புகுந்தபின் மண்ணைக் கொட்டுவது சுலபம்.

நான் மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு இருக்கிறேன். நாம் கூடிப் பேசும் அறைகளில் பாதி அந்த ஏரிக்குள்தான் இருக்கின்றன. ஆகவே வீடே கட்டக்கூடாது என்று தர்க்கம் பண்ண எனக்கு யோக்கியதை இல்லை. எத்தனை வீடு என்று கேட்பவர்கள், மழைநீர் எங்கே போகும், சாக்கடை எங்கே போகும், குடிநீர் எங்கிருந்து வரும் என்பதையும் மனை பிரிக்குமுன் கேட்டிருக்கலாம் என்பதே என் கட்சி. பதிலுக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பழைய கிராம வரைபடத்தில் கலங்கலும் கால்வாயும் கோடாக இருக்கின்றன.

சென்ற மாதம் ஒரு கோப்பில், ‘இந்த சர்வே எண் முன்பு ஏரி ஆயக்கட்டை ஒட்டிய வரத்துக்கால்’ என்று பென்சிலால் ஓரத்தில் எழுதினேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அதிகாரி படித்தார், சிரித்தார், ரப்பரால் அழிக்கவும் இல்லை. கடன் சாங்ஷன் ஆயிற்று.