போதிதர்மரும் சீகுங்கும் - காஞ்சிபுரத்துக் கதை எங்கிருந்து வந்தது?

சீனாவின் பூங்காக்களில் விடியற்காலையில் வயதானவர்கள் வரிசையாக நின்று, மூச்சோடு சேர்த்து மெதுவாகக் கையை உயர்த்தி இறக்குவதைத் தொலைக்காட்சியில் பலரும் பார்த்திருப்போம். அதுதான் சீகுங். 'சீ' என்றால் மூச்சு, உயிராற்றல். 'குங்' என்றால் உழைத்துப் பெறும் திறமை. நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே ஒரு பதில் வரும்: "இதெல்லாம் காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மர் கற்றுக்கொடுத்ததுதானே!" 2011-ல் 'ஏழாம் அறிவு' படம் வந்தபிறகு இது கிட்டத்தட்ட பாடப்புத்தகச் செய்தி போலவே ஆகிவிட்டது. ஆனால் வரலாறு அவ்வளவு சுலபமாக இதற்கு ஒத்துழைக்கவில்லை.

கதை இதுதான். ஷாவோலின் மடத்தில் போதிதர்மர் ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்துத் தியானம் செய்தார். அவர் போனபிறகு ஓர் இரும்புப் பெட்டியில் இரண்டு நூல்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று 'யீஜின் ஜிங்', அதாவது தசைநார்களை மாற்றும் நூல். இன்று சீகுங்கில் புகழ்பெற்ற பன்னிரண்டு நிலைகள் இந்த நூலின் பெயரில்தான் வழங்குகின்றன.

பெட்டிக் கதை அந்த நூலின் முன்னுரையில்தான் இருக்கிறது. முன்னுரையை எழுதியவர் தாங் காலத் தளபதி லி ஜிங் என்றும், ஆண்டு 628 என்றும் போட்டிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், நூலை லி ஜிங்கிடம் கொடுத்ததாக அதில் சொல்லப்படும் 'சுருள்தாடி வீரன்' பழைய சீனக் கதை ஒன்றில் வரும் கற்பனைப் பாத்திரம்! கதாபாத்திரம் வந்து புத்தகம் கொடுத்தால் எப்படி நம்புவது? லிங் திங்கான் என்ற சீன அறிஞரே இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதைக் கேலி செய்திருக்கிறார். நூலுக்கு நம்பத்தக்க பழைய தேதி என்று கிடைப்பது 1624 மட்டுமே. போதிதர்மருக்கும் அதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. அதுமட்டுமல்ல, பழைய யீஜின் ஜிங் மென்மையான பயிற்சியே இல்லை. கூழாங்கல் பையாலும் மர உலக்கையாலும் உடம்பைத் தட்டி இறுக்கும் முறை அது. பன்னிரண்டு நிலைகள் படங்களோடு பரவியது 19-ம் நூற்றாண்டில்தான்.

சரி, போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர் என்பதாவது உறுதியா? 547-ல் எழுதிய யாங் சுவான்ஷி அவரைப் பாரசீகர் என்கிறார். 645-ல் தாவோசுவான் தென்னிந்தியப் பிராமணர் என்கிறார். 1004-ல் வந்த நூல் 'சியாங்ழி' நாட்டு அரசனின் மூன்றாவது மகன் என்கிறது. அந்த 'சியாங்ழி' காஞ்சிதான் என்பது பிற்கால ஊகம். பல்லவ இளவரசர் என்ற பட்டம் இந்த ஊகத்தின் மேல் கட்டியது.

உண்மையில் சீனர்கள் இந்தப் பயிற்சியைப் போதிதர்மருக்கு வெகு காலம் முன்பே செய்துகொண்டிருந்தார்கள். அப்போது பெயர் 'தாவோயின்'. மாவாங்துய் என்ற இடத்தில் 1973-ல் தோண்டிய கல்லறையில் ஒரு பட்டுத்துணி கிடைத்தது. ஆணும் பெண்ணுமாக 44 உருவங்கள், ஒவ்வொன்றும் ஒரு பயிற்சியில் நிற்கின்றன. கல்லறை மூடப்பட்டது கி.மு. 168. பிறகு கி.பி. 2-ம் நூற்றாண்டில் மருத்துவர் ஹுவா தோ புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகியவற்றின் அசைவுகளைக் கொண்டு ஒரு பயிற்சி அமைத்தார். சாப்பிட்டது செரிக்கவும், ரத்தம் தங்காமல் ஓடவும் உடம்பை அசைக்க வேண்டும், ஆனால் களைத்துப்போகும் அளவுக்கு வேண்டாம் என்பது அவர் கொள்கை.

அப்படியானால் இந்தியாவுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. யாரும் படமெடுக்காத பங்கு அது! 652-ஐ ஒட்டி சுன் சிமியாவோ எழுதிய மருத்துவ நூலில் 'இந்திய நாட்டு உடற்பிடி முறை' என்ற பகுதி வருகிறது. இது பிராமணர்களின் முறை என்றும் குறிக்கிறார். மொத்தம் 18 அசைவுகள். கை கழுவுவதுபோல் இரு கைகளையும் பிணைத்துத் திருகுவது, வில்லை இழுப்பதுபோல் இழுப்பது, தொடையில் கை ஊன்றி உடம்பை மெல்லத் திருப்புவது... வயதானவர்கள் தினம் மூன்று முறை செய்தால் ஒரு மாதத்தில் நோய் நீங்கும், பசி எடுக்கும், கண் தெளியும் என்கிறார். (ஓடும் குதிரைக்கு ஈடாக நடக்கலாம் என்பது கொஞ்சம் அதிகம்தான்!) இவை இந்தியாவில் எங்கிருந்து போயின, அல்லது இந்தியப் பெயருக்கு இருந்த மதிப்புக்காக ஒட்டிய பெயரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 671-ல் கடல்வழியாக இந்தியாவுக்குப் புறப்பட்ட துறவி யிஜிங் எழுதியது இன்னும் நேரடியானது. இங்கே துறவிகளும் மற்றவர்களும் காலையிலும் மாலையிலும் ஒரே பாதையில் முன்னும் பின்னும் நடக்கிறார்கள், அது நோயைத் தீர்க்கிறது, உணவைச் செரிக்க வைக்கிறது என்று தன் நாட்டுத் துறவிகளுக்குச் சொல்லியிருக்கிறார்.

இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 'சீகுங்' என்ற பொதுப்பெயர் நிலைத்தது 1950களில்தான். தன் வயிற்றுப்புண் இதனால் ஆறியதாகச் சொன்ன லியு குய்ழென் என்பவர் அதைப் பரப்பினார். இன்றைய ஆய்வுகள் முதியோருக்கு விழாமல் நிற்கும் சமநிலையும் தூக்கமும் ஓரளவு மேம்படுவதைக் காட்டுகின்றன. ரத்த அழுத்தத்துக்கும் கொஞ்சம் உதவலாம். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

கடைசியாக ஒரு வேடிக்கை. யீஜின் ஜிங்கின் முதல் நிலையில் நேராக நின்று மார்புக்கு முன் கைகளைக் கூப்ப வேண்டும். அதன் பெயர் 'வெய்தோ உலக்கையை அளித்தல்'. வெய்தோ பௌத்த மடங்களைக் காக்கும் தெய்வம். சீன எழுத்தில் ஸ்கந்தன் என்ற பெயரைப் பிரதி எடுக்கையில் நேர்ந்த பிழையால் வந்த பெயர் அது என்கிறார்கள் அறிஞர்கள். போதிதர்மர் எழுதாத புத்தகத்தில் நம்ம முருகன் முதல் பக்கத்திலேயே நிற்கிறார்!