ஒலுவில் பிரகடனமும் பிரிவினை வாசிப்பும்

2003 ஜனவரி 29இல் இலங்கையின் கிழக்கே ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வெளியிடப்பட்ட ஒலுவில் பிரகடனத்தை, தமிழ்த் தரப்பு முன்வைத்த 1985 திம்புக் கோட்பாடுகளின் முஸ்லிம் பிரதியாகக் கொள்வோர் ஆய்வுலகில் உண்டு. தேசியம், தாயகம், சுயநிர்ணய உரிமை மூன்றும் இரண்டிலும் உள்ளன என்பது மெய். ஆனால் இந்த ஒப்புமையை மட்டும் வைத்து 'இன்னொரு பிரிவினை' என்று தீர்ப்பெழுதுவது, பிரகடனம் எழுந்த வேளையையும் நிலத்தையும் பாராத வாசிப்பு.

2002 ஏப்ரல் 13இல் கிளிநொச்சியில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். கல்முனை, சம்மாந்துறை விவசாயிகளுக்கு அதன் பொருள் இதுதான்: பயமின்றி வட்டைக்கு (வயல்வெளிக்கு) போய் விதைக்கலாம், அறுத்த நெல்லைப் புலிகளுக்குக் கப்பம் கட்டாமல் வீடு சேர்க்கலாம். ஆனால் ஜூன் இறுதியிலேயே வாழைச்சேனையில் வன்முறை வெடித்தது. அரசுக்கும் புலிகளுக்குமான பேச்சுவார்த்தையில் முஸ்லிம்களுக்குத் தனித்தரப்பு கிடைக்கவில்லை. ஹக்கீம் அரச குழுவில் ஒருவராகவே அமர்ந்தார். டிசம்பரில் ஒஸ்லோவில் இரு தரப்பும் தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழிடங்களுக்குக் கூட்டாட்சித் தீர்வை ஆராய இணங்கின. அதிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஒலுவிலில் மாணவர்கள் கூட்டிய திரளில் பிரகடனம் ஒலித்தது. காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையையும் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதையும் 1990இல் கண்ட ஒரு சமூகம், தன்னைக் கேளாமல் தன் நிலத்தின் ஆட்சி தீர்மானிக்கப்படுவதை எதிர்த்த குரலாகவே அதை நான் வாசிக்கிறேன்.

நிலமும் இதற்கே சான்று. மட்டக்களப்பு–பொத்துவில் வீதியில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் விரவிக் கிடக்கின்றன. இங்கே தனிநாட்டுக்கு எல்லை போட எவராலும் இயலாது. கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளைக் கொண்டு முஸ்லிம் காங்கிரஸின் நிறுவனர் அஷ்ரப் முன்வைத்த தென்கிழக்கு அலகும் இலங்கையின் அரசியலமைப்புக்குள் கேட்கப்பட்ட அதிகாரப் பங்கே.

குர்து இயக்கத்தோடு இதை ஒப்பிடுவோர் ஆளை மாற்றிக் காண்கின்றனர். ஈராக்கியக் குர்துகள் 2017 செப்டம்பர் 25இல் நடத்திய தனிநாட்டு வாக்கெடுப்பில் கிர்கூக் நகரும் சேர்க்கப்பட்டபோது, அங்குள்ள துருக்மேனியர் கடுமையாக எதிர்த்தனர். அடுத்த மாதமே ஈராக்கியப் படைகள் நகரைக் கைப்பற்றின. கல்முனை முஸ்லிம்களுக்கு நிகரானவர்கள் அந்தத் துருக்மேனியரே. சிறுபான்மையின் தாயகக் கோரிக்கைக்குள் அகப்பட்ட சிறுபான்மையின் நிலை தீராதவரை, அவ்விடத்து அமைதி நிலைப்பதில்லை.

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் வேரை ஒலுவிலில் தேடுவோரும் உளர். ஒரு தீவிரவாதக் குழுவின் கொலைச்செயலை அரசியல் கோரிக்கையோடு முடிச்சுப்போடும் அவ்வாதம் மறுப்புக்கும் தகுதியற்றது.

என் வாசிப்பை ஏற்போருக்கு ஒரு கடப்பாடும் உண்டு. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் நடந்த உண்ணாவிரதத்தின் பின்னணியிலும் தமக்கென ஒரு நிர்வாகம் வேண்டும் என்ற தமிழரின் வேட்கையே இருந்தது. ஒலுவிலுக்குப் பொருந்தும் நியாயம் தமிழ் ஊரான பாண்டிருப்புக்குப் பொருந்தாது என்று வாதிட, எனக்குத் தெரிந்தவரை, எந்த ஆதாரமும் இல்லை.