கல்முனைச் சாலையும் தீகவாபி மேடும்

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நீளும் கடற்கரைச் சாலையில் மேடு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். அம்பாறையைத் தாண்டிய பின்னரே நிலம் சிறிது சிறிதாக உயர்ந்து குன்றுகளோடு சேர்கின்றது. துவிச்சக்கர வண்டியில் செல்வோர்க்கு இதனினும் இணக்கமான நிலம் ஈழநாட்டில் அரிது. ஆயினும் நாள்தோறும் இச்சாலையில் வண்டி மிதிக்கும் நம் மாணவருள் எத்தனை பேர், தாம் கடந்து செல்லும் ஊர்களின் வரலாற்றை அறிவர்? அனுராதபுரத்து அரசர் வரிசையைப் பிழையின்றி ஒப்புவிக்கும் பிள்ளை, தன் வீட்டு வாசலிலிருந்து ஒரு காலைப்பொழுதில் மிதித்துச் சென்று சேரத்தக்க தீகவாபியைக் கண்டதில்லை. இது பிள்ளையின் குறையன்று. நாம் வழங்கும் கல்வியின் குறை.

முதற்கண் நாம் ஏறியிருக்கும் வண்டியையே நோக்குவோம். இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஓரளவாய், சங்கிலியால் இயங்கும் வண்டியை 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பார் செய்தார். 1888இல் டன்லப் என்பார் காற்றடைத்த றப்பர் டயரை அதற்கு அளித்தார். அதற்கு முன்னரே, 1876இல், இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் றப்பர்க் கன்றுகள் நடப்பட்டிருந்தன. மேனாட்டு வீதிகளில் வண்டிகளும், பின்னர் மோட்டார்களும் பெருகப் பெருக, நம் நாட்டு மலைச்சரிவுகள் றப்பர்த் தோட்டங்களாக மாறின. உண்ணும் நெல்லினும் ஏற்றுமதிப் பயிரே அந்நிய ஆட்சியின் கண்ணுக்கு இனித்தது. அதன் விளைவு என்ன? விடுதலை பெற்ற இலங்கை, 1952இல் சீனத்துக்கு றப்பரைக் கொடுத்து அரிசியைப் பெறும் ஒப்பந்தம் செய்துகொள்ள நேர்ந்தது. மாணவன் மிதிக்கும் வண்டியின் சக்கரத்திலேயே நாட்டின் பொருளாதார வரலாறு சுழல்கின்றது என்றால் அது மிகையாகாது.

இக்கரையில் வண்டியை வாழ்வாக்கிக்கொண்டோர் உழைக்கும் மக்களே. மருதமுனையின் கைத்தறிச் சாரங்களும் சேலைகளும் வண்டியின் பின்புறத்தில் பொதியாய் ஏறி ஊர் ஊராகச் சென்றன. விடியலில் கரைவலை இழுத்து முடிந்ததும் மீன்பெட்டி வண்டியில் ஏறியது. வயலுக்குச் செல்லும் உழவனும், பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியனும் அதே சாலையில் அதே வண்டியையே மிதித்தனர். ஆகவே சாலையோரத்து வரலாற்றைப் படிக்க இவ்வண்டியினும் தக்க துணை இல்லை.

மருதமுனையை அடுத்து வருவது பாண்டிருப்பு. அங்கே திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பு விழா மகாபாரதக் கதையைத் தமிழ் உழவரின் ஆண்டுச் சடங்காக்கி வைத்திருக்கின்றது. சிறிது தெற்கே, கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளிவாசல். நாகூர் சாகுல் ஹமீது ஒலியுல்லாஹ்வின் நினைவாக ஆண்டுதோறும் அங்கே கொடியேறுகின்றது. சோழமண்டலக் கரைக்கும் ஈழத்தின் கீழ்க்கரைக்கும் இடையே மரக்கலங்கள் ஓடிய காலத்தின் எச்சம் அது. சாய்ந்தமருதைக் கடந்தால் காரைதீவு. அங்கே கண்ணகி அம்மன் கோயில் உண்டு. 1892இல் அவ்வூரிற் பிறந்த விபுலானந்த அடிகளே சிலப்பதிகாரத்தின் இசைநுணுக்கங்களை ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். பின்னர் நிந்தவூர், களியோடை, ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. ஓரூர் முஸ்லிம் ஊர், அடுத்தது தமிழூர், சில இடங்களில் ஒரே ஊரின் இரு பகுதிகள் எனச் சாலை நெடுகிலும் நெருங்கிக் கிடக்கின்றன. வண்டியில் செல்பவன் பாங்கொலியையும் கோயில் மணியையும் ஒரே மூச்சில் கேட்கின்றான்.

இந்நெருக்கம் தற்செயலாய் நேர்ந்ததா? 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பது போர்த்துக்கேய ஏட்டாளர் தரும் செய்தி. அடைக்கலம் தந்தவன் பௌத்த மன்னன். குடியேறிய நிலம் நெல் விளைக்கும் நிலம். வந்தவர் ஏற்கெனவே இங்கிருந்த முஸ்லிம்களோடு கலந்து, தமிழரோடு வயலும் வாய்க்காலும் பகிர்ந்து வாழ்ந்தனர். தாய்வழியாகக் கணிக்கப்படும் குடிமுறை இரு சமூகத்தார்க்கும் பொதுவாயிற்று. மணமகன் மணமகளின் வீட்டுக்குக் குடிபோவதும், பெண்ணுக்கே வீடு உரியதாவதும் இரு சாராரிடத்தும் வழங்கும் வழக்கங்கள். சமயம் வேறாயினும் குடும்பத்தின் அடித்தளம் ஒன்றாயிருப்பதைக் காணும் மாணவன், இன வேற்றுமையைப் பற்றி மேடைகளில் முழங்குவோரை ஐயத்தோடு நோக்கக் கற்றுக்கொள்வான்.

கடற்கரைச் சாலையை விட்டு மேற்கே வயல்வெளிக்குள் திரும்பினால், நெடுங்காலம் செங்கல் மேடாகக் கிடந்த தீகவாபித் தூபியை அடையலாம். புத்தர் பெருமான் வந்தமர்ந்த இடங்களுள் ஒன்றாக மகாவம்சம் இதனைக் கூறும். கி.மு. இரண்டாம் நூற்றாண்டினனாகிய சத்தாதிச்சன் இங்கே விகாரை எழுப்பினான் என்பது மரபு. தீகவாபி என்ற பெயருக்கு நீண்ட குளம் என்பது பொருள். குளமும் வயலும் இன்றேல் தூபி எழுந்திருக்காது. நெல் மிகுந்த இடத்திலேயே வணிகர் கூடினர், துறவியர் தங்கினர். இப்பகுதியைச் சேர்ந்த குடுவில் மலையின் பழைய பிராமிக் கல்வெட்டு தீகவாபி வணிகரைக் குறிப்பிடுகின்றது. அதே கல்வெட்டில் தமிழரைக் குறிக்கும் ‘தமெட’ என்ற சொல்லும் இடம்பெறுகின்றது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பௌத்த அறத்துக்குப் பொருளீந்தோருள் தமிழரும் இருந்தனர் என்பதற்குக் கல்லே சான்று. இத்தூபி எவருக்கு உரியது என்று வழக்காடுவோர் இக்கல்லை ஒரு முறையேனும் படிக்க வேண்டாமா?

வழக்கு உண்மையாகவே எழுந்தது. 2004 டிசம்பர் 26இல் பொங்கிய கடல், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் இதுவே. வீடிழந்தோர்க்காகச் சவூதி அரேபியாவின் நிதியுதவியோடு அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றை முஸ்லிம்களுக்கு அளிப்பதைத் தீகவாபியின் பெயரால் எதிர்த்தனர் சிலர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2009இல் பகிர்ந்தளிப்பு நிறுத்தப்பட்டது. கட்டி முடிந்த வீடுகள் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்து புதர் மண்டின. தொன்மைச் சின்னம் காக்கப்பட வேண்டியதே. அதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஆனால் எல்லா உயிர்க்கும் இரக்கம் காட்டுக என்ற பெருமானின் தூபியைக் காட்டி, கூரையற்ற ஏழையின் கதவை அடைப்பது எவ்வகை அறம்?

இவ்வழக்கின் வேர் மண்ணிலும் நீரிலும் இருக்கின்றது. பட்டிப்பளை ஆற்றை மறித்து 1949இல் தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டம் அரிசித் தட்டுப்பாட்டைத் தீர்க்கும் நோக்கோடு எழுந்தது. இங்கினியாகலையில் மாபெரும் நீர்த்தேக்கம் உருவாயிற்று. காடு வயலாயிற்று. ஆனால் குடியேற்றத்தோடு அச்சமும் குடியேறிற்று. 1956 ஜூனில், தனிச்சிங்களச் சட்டம் வந்த நாட்களில், அப்பள்ளத்தாக்கில் தமிழர் கொல்லப்பட்டனர். 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் 2009 வரை நீடித்த போரில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சி ஒதுங்கிய ஆண்டுகளும் வந்தன. சோதனைச் சாவடிதோறும் வண்டியை விட்டிறங்கி உருட்டிச் சென்ற தலைமுறை இன்றும் நம்மிடையே இருக்கின்றது.

எனினும் அதே வாய்க்கால் வேறொரு பாடத்தையும் தருகின்றது. 1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரையில் விவசாயிகள் சிறு குழுக்களாக ஒன்றுகூடினர். கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் அதற்குத் துணைநின்றன. நீர் குறைந்த காலத்தில் தலைவாய்க்காலின் சிங்கள விவசாயிகள், கடைவாய்க்காலில் இருந்த தமிழ் பேசும் விவசாயிகளுக்காகத் தம் மதகுகளை அடைத்து நீர் விட்டனர். நாடெங்கும் பகை வளர்ந்த அதே ஆண்டுகளில் இது நிகழ்ந்தது. அதிகாரம் எழுப்பும் சுவரை உழைப்போரின் கூட்டுறவு கடக்கவல்லது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

ஆசிரியத் தோழர்களே, விடுமுறை நாளொன்றில் மாணவரை வண்டிகளோடு அழைத்துச் செல்லுங்கள். தமிழ் மாணவன் கடற்கரைப் பள்ளிவாசலின் முன்றிலில் நிற்கட்டும்; முஸ்லிம் மாணவன் காரைதீவில் அடிகளின் ஊரைக் காணட்டும்; இருவரும் தீகவாபியின் செங்கல்லைத் தொட்டுப் பார்க்கட்டும். அம்பாறைச் சிங்கள மாணவரும் உடன்வரின் பயணம் நிறைவுறும். வழியிலுள்ள வாய்க்காலின் நீர் எங்கிருந்து வருகின்றது, எங்கே செல்கின்றது என்பதை அவர்களே கேட்டறியட்டும். அவ்வினாவிலிருந்து தொடங்கும் வரலாற்றுக் கல்வி, இந்நிலத்தை இன்னொரு முறை கூறுபோட எவரையும் எளிதில் விடாது.