மாயகுவெஸ் மீட்பு: எந்த முடிவு காப்பாற்றியது?

1975 மே 12 அன்று மாயகுவெஸ் என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலைக் கம்போடியாவின் கெமர் ரூஜ் படையினர் நடுக்கடலில் மடக்கினர். தென்வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அடுத்த மூன்று நாள்களில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு எடுத்த முடிவுகள் உறுதியான தலைமைக்குச் சான்றாகப் போற்றப்பட்டன. கேலப் கருத்துக்கணிப்பில் அவருக்கான ஆதரவு 11 புள்ளிகள் உயர்ந்தது. மரீன் படையினர் கம்போடியக் கரைக்கு அப்பாலுள்ள கோ டாங் தீவில் இறங்கியதால்தான் மாலுமிகள் பிழைத்தார்கள் என்ற எண்ணமே இந்தப் பாராட்டுக்கு அடிப்படை. நிகழ்வுகளின் காலவரிசை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

வாஷிங்டனை ஆட்டிவைத்தது 1968இன் பியூப்லோ கப்பல் நினைவு. அப்போது வடகொரியா 82 அமெரிக்கக் கடற்படையினரை 11 மாதம் சிறைவைத்திருந்தது. மாலுமிகள் கம்போடியக் கரை சேர்ந்துவிட்டால் அதே கதைதான் என்ற அச்சத்தில், தீவுக்கும் கரைக்கும் இடையே போகும் படகுகளைத் தடுக்கவும் தேவைப்பட்டால் மூழ்கடிக்கவும் ஆணை பிறந்தது.

மே 14 காலை ஒரு மீன்பிடிப் படகு கம்போடியத் துறைமுகமான கோம்போங் சோம் நோக்கி விரைந்தது. மேல்தளத்தில் வெள்ளையர் போலத் தெரியும் பலர் இருப்பதாக விமானி ஒருவர் தகவல் கொடுத்தார். படகின் முன்னால் சுட்டார்கள், கண்ணீர்ப்புகை வீசினார்கள், அது திரும்பவில்லை. மூழ்கடிக்கலாமா என்ற கேள்வி பூமிப்பந்தின் மறுபக்கத்தில் கூடியிருந்த தேசியப் பாதுகாப்புக் குழுவரை போனது. ஃபோர்டு விட்டுவிடச் சொன்னார். மாலுமிகள் ஏறக்குறைய 40 பேரும் அந்தப் படகில்தான் இருந்தார்கள். மீட்பைப் புகழ்ந்தவர்கள் அதிகம் பேசாத இந்தத் தயக்கமே, என் பார்வையில், அதிபரின் மிகச் சிறந்த முடிவு.

விமானியின் தகவல் கையில் இருந்தும் தாக்குதலின் இலக்கு கோ டாங்காகவே நீடித்தது. தீவில் கனரக ஆயுதங்களுடன் 150 முதல் 200 பேர்வரை இருக்கலாம் என்ற இராணுவ உளவுத்துறையின் மதிப்பீடு, இறங்கப்போகும் மரீன்களிடம் போய்ச் சேரவில்லை. மே 15 விடியலில் முதல் அலையாகத் தீவுக்குச் சென்ற 8 ஹெலிகாப்டர்களில் 3 சுட்டு வீழ்த்தப்பட்டன. கப்பலை விடுவிக்கும் அறிவிப்பு அதற்குச் சில நிமிடம் முன்புதான் புனோம்பென் வானொலியில் தொடங்கியிருந்தது. அதில் மாலுமிகளைப் பற்றிப் பேச்சில்லை. ஆகவே அதை நம்பி வாஷிங்டன் படையை நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொல்வது பின்புத்தி. ஆனால் விடுவிக்கும் முடிவு தரையிறக்கத்துக்கு முந்தியது என்பது இதனால் உறுதியாகிறது.

விமானங்களின் அச்சுறுத்தல் கெமர் ரூஜ் தளபதிகளைப் பணியவைத்திருக்கலாம். தாக்குதலை நிறுத்த வழி தேடி அவர்கள் கப்பல் தலைவரிடமே பேசியது இதற்கு ஆதரவு. இதை ஒப்புக்கொண்டாலும் பலன் வான்படை நெருக்குதலுக்குத்தான் சேரும், கோ டாங்குக்குச் சேராது. கெமர் ரூஜ் விடுவித்த மாலுமிகளை அமெரிக்காவின் வில்சன் போர்க்கப்பல் ஏற்றிக்கொண்ட பிறகும் கரைமீது குண்டுவீச்சு தொடர்ந்ததை மீட்புப் பணி என்று எப்படிச் சொல்ல முடியும்? வியட்நாமில் பட்ட அவமானத்துக்குப் பிறகு அமெரிக்கா பணியாது என்று காட்டுவதும் நோக்கமாக இருந்தது. வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சரின் வாதமே அதுதான்.

இந்த நடவடிக்கையில் 41 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். 23 பேர் தாய்லாந்தில் ஹெலிகாப்டர் விபத்தில், சண்டை தொடங்கும் முன்பே. மற்ற 18 பேரில் மூவர், பின்வாங்கும்போது தீவிலேயே விடப்பட்ட மரீன்கள். கோ டாங்கில் மாலுமி ஒருவர்கூட இருக்கவில்லை.