ஆண்டிபட்டிக் கணவாயும் மோட்டார் புகைக்குழாயும்

மதுரையிலிருந்து மேற்கே செல்லும் சாலை உசிலம்பட்டியைக் கடந்து சிறிது தூரம் போனதும் ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறி இறங்குகிறது. பதினேழு கொண்டைஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுச் சாலையைக் கண்டவர்கள் இதை ஓர் ஏற்றமென்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆயினும் மதுரைப் பக்கமிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்குள் நுழைகிற வண்டி எதுவாயினும், தன் எஞ்சினின் உண்மையான வலிமையை முதன்முதலில் காட்ட வேண்டிய இடம் இதுதான். அரசர்களும் படைகளும் இவ்வழியே வந்த கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். இன்று நான் சொல்லப்போவது அத்தகைய பெருங்கதையன்று. மோட்டார் வண்டிக்குள் பிறந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறோர் எஞ்சினைக் குடியேற்றும் வித்தை இப்பள்ளத்தாக்கில் மூன்று தலைமுறைகளாக நடந்து வந்திருக்கிறது. அந்த வித்தையில் யாரும் கவனியாத ஓர் உறுப்பின் கதையையே சொல்லப்போகிறேன். புகைக்குழாய்தான் அது.

எஞ்சினை மாற்றுவதென்றால் எஞ்சினைத் தேடிப் பிடிப்பதுதான் பெரும்பாடு என்று நினைப்போம். உண்மை அதுவன்று. எஞ்சின் பணத்துக்குக் கிடைக்கும். கியர்ப் பெட்டியோடு அதை இணைக்க இடையிலே ஒரு தகடு கடைந்து போட்டால் போதும். தாங்கிகளை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் எஞ்சின் விடும் மூச்சை வெளியே கொண்டு போகும் வழியை மட்டும் எந்தக் கம்பெனியும் செய்து விற்பதில்லை. ஸ்டியரிங் தண்டு ஒரு பக்கம், கிளட்ச் கம்பி மறுபக்கம், கீழே சட்டம், அருகே பிரேக் குழாய். இவற்றுக்கு நடுவே சிவக்கக் காயும் ஒரு குழாயை நுழைத்துப் பின்னால் கொண்டு போக வேண்டும். அதற்குரிய வழியை அந்த வண்டியைப் பார்த்து, அந்த இடத்திலேயே, ஒரு பட்டறைக்காரர்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே வண்டியில் வெளிநாட்டான் செய்தது எவ்வளவு, நம்மவர் செய்தது எவ்வளவு என்று அறிய விரும்புகிறவர்கள் குனிந்து புகைக்குழாயைப் பார்ப்பது நல்லது.

இக்கதையின் முதல் அத்தியாயம் இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. 1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அடுத்த ஆண்டு பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெயும் நின்றது. அதே 1942-ல் மதுரை–போடி ரயில் பாதையின் தண்டவாளங்களும் போர்த் தேவைக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1928-ல் திறந்த பாதை அது. மீண்டும் அதில் ரயில் ஓட 1950-கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ரயிலும் இல்லை, பெட்ரோலும் இல்லை என்ற நிலையில் ஏலமும் பருத்தியும் மனிதரும் எப்படிக் கணவாயைக் கடப்பது? கரியால்தான் கடந்தார்கள்.

பஸ்ஸின் பின்புறத்தில் ஓர் உயரமான இரும்புக் கலத்தைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை இட்டு, குறைந்த காற்றில் கனலவிட்டால் எரியக்கூடிய வாயு ஒன்று கிளம்பும். அதை வடிகட்டிக் குளிரவைத்து எஞ்சினுக்குள் செலுத்துவார்கள். மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தார் இத்தகைய கலங்களைத் தாமே செய்து பரப்பினார்கள். 'கேஸ் பிளாண்ட்' என்ற பெயர் அக்காலத்தில் பாமரர் வாயிலும் புழங்கிற்று. விடியற்காலையில் பையன் ஒருவன் கைவிசிறியைச் சுற்றிக் கனலை மூட்ட, கால்மணி நேரம் கழித்து வண்டி கிளம்பும். ஏற்றம் வந்தால் ஆண்பிள்ளைகள் இறங்கித் தள்ளுவார்கள். இதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. ஆனால் ஏன் தள்ள நேர்ந்தது என்று கேட்டவர் குறைவு.

அந்த வாயுவில் ஏறத்தாழப் பாதி, எரியாத நைட்ரஜன். ஆதலால் எஞ்சினின் பலம் மூன்றில் ஒரு பங்கும், சிலபோது பாதியும் குறைந்துவிடும். இதற்குமேல் இன்னொரு தொல்லையும் உண்டு. அக்காலத்துப் பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் உள்ளே போகும் குழாயும் வெளியே வரும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில் முதுகோடு முதுகாகப் பிணைக்கப்பட்டிருக்கும். பெட்ரோல் துளிகள் ஆவியாக அந்தச் சூடு உதவும் என்பது அமைத்தவர்களின் கருத்து. கரிவாயுவுக்கோ அந்தச் சூடு பகை. சூடேறிய வாயு விரியும். விரிந்த வாயு சிலிண்டருக்குள் குறைவாகவே கொள்ளும். இந்த நுட்பம் தெரிந்த கைகள் இரண்டு குழாய்களையும் பிரித்து இடைவெளிவிட்டுப் பொருத்தின. எஞ்சின் மாறாமல் எரிபொருள் மட்டும் மாறியபோதுகூடப் புகைக்குழாய் தன் பழைய இடத்தில் இருக்க முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

போர் முடிந்தபின் பெட்ரோல் வந்தது, கலங்கள் துருப்பிடித்தன. அடுத்த அத்தியாயம் டீசலுடையது. இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரில் பிராங்க் பெர்க்கின்ஸ் என்பவர் 1932-ல் தொடங்கிய கம்பெனி, 1937-ல் 'பி 6' என்ற ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினை வெளியிட்டது. பெட்ரோல் லாரியின் மூக்குக்குள் அதைத் தூக்கி வைக்கலாம் என்பதே அதன் சிறப்பு. எஞ்சின் மாற்றுவதை ஒரு வாணிபமாகவே ஆக்கியவர்கள் இவர்கள் எனலாம். சென்னைச் சிம்ப்ஸன் கம்பெனியார் 1950-களில் பெர்க்கின்ஸ் எஞ்சின்களை இங்கேயே செய்யலாயினர். பெட்போர்டும் டாட்ஜும் பார்கோவுமாக இருந்த நம் லாரிகளும் பஸ்களும் டீசலின் முழக்கத்துக்குப் பழகின. ஆனால் சிறிய வண்டிகள், அதாவது ஜீப்பும் பிக்கப்பும், வெகுகாலம் பெட்ரோலையே குடித்துக்கொண்டிருந்தன.

மகிந்திரா கம்பெனி 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. 1965-ல் 'எப்.சி. 150' என்ற சிறு பிக்கப் லாரியும் வந்தது. மூக்கில்லாத வண்டி அது. ஓட்டுபவர் எஞ்சினுக்குப் பின்னால் அமராமல் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே அமர்வார். மலைச்சாலையின் குறுகிய வளைவுகளுக்கு இதைவிட வாய்ப்பான வண்டி அக்காலத்தில் இல்லை. 1973-ல் மேற்காசியப் போரையொட்டி எண்ணெய் விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர் பாடு திண்டாட்டமாயிற்று. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் சென்றால் வரும் கூலி பெட்ரோலுக்கே போதவில்லை. கம்பெனியும் டிராக்டர் வழிவந்த டீசல் எஞ்சினை ஜீப்பில் வைத்தது. 1979-ல் பிரான்சு தேசத்துப் பூஜோ எஞ்சினைச் செய்ய உரிமம் பெற்றது. ஆனால் பழைய வண்டிக்காரர் புது வண்டி வாங்குவது எங்ஙனம்? அவர் செய்தது எஞ்சின் மாற்றம். 1939-ஆம் ஆண்டு மோட்டார் சட்டப்படி பதிவு அதிகாரிக்கு அறிவித்து, சான்றிதழில் எழுதிக்கொண்டால் அதற்குத் தடையில்லை. போடியிலும் கம்பத்திலும் தேனியிலும் ஆண்டிபட்டியிலும் பட்டறைகள் இரவு பகலாக இதைச் செய்தன.

அப்படி என்றோ எஞ்சின் மாறிய எப்.சி. பிக்கப் ஒன்றை அண்மையில் ஆண்டிபட்டிப் பட்டறை ஒன்றில் கண்டேன். அதன் வார்ப்பிரும்பு மேனிபோல்டு விரிசல் கண்டிருந்தது. அந்த எஞ்சினுக்கும் அந்தச் சட்டத்துக்கும் ஒருசேரப் பொருந்தும் மேனிபோல்டு உலகில் எங்கும் விற்பனைக்கு இல்லை. "வார்ப்புத் துண்டைத் தேடி அலையாதீங்கண்ணே, குழாயிலேயே கட்டிடுவோம்" என்றார் மேஸ்திரி. மேல்நாட்டார் ஹெடர் என்று சொல்வது இதைத்தான். அங்கே பழைய பிக்கப்புகளில் பெரிய எஞ்சினை ஏற்றி, வேகப் போட்டிக்காக ஹெடர் கட்டுகிறார்கள். இங்கே பத்து மூட்டை ஏலக்காயோடு மலை இறங்குவதற்காகக் கட்டுகிறார்கள். கணக்கு என்னவோ இரண்டுக்கும் ஒன்றே.

அந்தக் கணக்கைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். நான்கு சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிக்கின்றன. ஒன்று தன் மூச்சை விட்டு முடிக்குமுன்பே அடுத்தது விடத் தொடங்கிவிடும். நான்கையும் ஒரு குறுகிய பெட்டிக்குள் திறந்துவிட்டால், ஒன்றின் புகை மற்றொன்றின் முகத்தில் போய் அடிக்கும். ஒன்றையும் நான்கையும் ஒரு குழாயாகவும், இரண்டையும் மூன்றையும் மற்றொரு குழாயாகவும் சேர்த்து, பிறகு இரண்டையும் ஒன்றாக்கினால் ஒருவர் வழியில் மற்றவர் குறுக்கிடார். குழாய் நெருக்கமாயிருந்தால் கெட்ட புகை சிலிண்டருக்குள்ளேயே தங்கும், புதுக்காற்று குறையும், டீசல் முழுவதும் எரியாது கரும்புகையாகும், நாளடைவில் வால்வும் தீய்ந்து போகும். ஏற்றத்தில் திணறும் வண்டியைக் கண்டதும் எஞ்சினைத் திட்டுகிறோம். பாதி வேளையில் குற்றம் குழாயுடையது.

மேஸ்திரியின் வேலை முறை பார்க்கத் தக்கது. முதலில் மூன்று நூல் கனமுள்ள தகட்டில் துளையிட்டு எஞ்சினின் முகத்துக்கு ஏற்ற பட்டையைச் செய்தார். பிறகு ஒரு தடித்த கம்பியை எடுத்து, ஸ்டியரிங்கைத் தொடாமல், காலடியில் உள்ள பிரேக்கைத் தொடாமல், வளைத்து வளைத்துப் பார்த்தார். கம்பி போன வழியே குழாய் போகும். குழாய்க்குள் உலர்ந்த மணலை இறுக்கி நிரப்பி, இரு முனையையும் அடைத்து, உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்தார். மணல் இருப்பதால் வளைவில் குழாய் சப்பிப்போவதில்லை. மணலில் ஈரம் இருந்தால் நீராவி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டுபோல் எறிந்துவிடுமாம். ஆகவே அதை முதல்நாளே வறுத்து வைத்திருந்தார். பற்றவைக்கும்போது சூட்டில் பட்டை கோணாதிருக்க, அதைப் பழைய எஞ்சின் தலை ஒன்றில் முறுக்கி வைத்துக்கொண்டார். வேலை முடிந்ததும் பட்டையைத் துளைகளுக்கிடையே அறுத்துவிட்டார். எதற்கென்று கேட்டேன். சூட்டில் இரும்பு நீளும். நீள இடம் கொடாவிட்டால் போல்ட்டை ஒடித்துக்கொண்டு போகும் என்றார். ரப்பர் தாங்கியில் ஆடும் எஞ்சினுக்கும் ஆடாத சட்டத்துக்கும் இடையில் வளையக்கூடிய ஒரு துண்டையும் வைத்தார்.

எல்லாவற்றிலும் அவர் அதிக நேரம் செலவிட்டது ஒரு காரியத்தில்தான். எஞ்சின் ஓடும்போது ஒவ்வோர் இணைப்பின்மேலும் சோப்பு நீரைத் தடவி, குமிழி எழுகிறதா என்று பார்த்தார். மூக்குள்ள ஜீப்பில் புகை கசிந்தால் வெளியே போய்விடும். எப்.சி. வண்டியில் கசிந்தால் ஓட்டுபவரும் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்திருக்கும் கூலிப் பெண்களும் அதையே சுவாசிக்க வேண்டும். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொண்டு தூக்கம்போலவே வந்து கொல்லும். டீசல் புகையில் அது பெட்ரோல் புகையைவிடக் குறைவு; ஆயினும் கரித்தூள் உண்டு, மற்ற நஞ்சுகள் உண்டு. போர்க்காலக் கரிவண்டியின் வாயுவிலோ எரியும் பொருளில் பெரும்பகுதி இதுவே. அந்த வண்டிகளில் தலைசுற்றி மயங்கியவர்களைக் கரிப்புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்தார்கள். நோயின் பெயர் அன்று பலருக்குத் தெரியாது.

ஆகவே அரசாங்கம் இந்த வித்தையைக் கட்டுப்படுத்தியதை நான் வெறும் தொல்லையாகக் கருதவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு 2000-ல் திருத்தப்பட்டது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று அது விதித்தது. 2019-ல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கணவாயில் இன்று ஏறும் வண்டிகளின் புகைக்குழாய்க்குள் உணர்கருவிகளும் வடிகட்டிகளும் இருக்கின்றன. அவற்றை உலையில் காய்ச்சி வளைக்க முடியாது. சட்டம் சரியே. ஆனால் அதற்குமுன் அரைநூற்றாண்டுக் காலம் இப்பள்ளத்தாக்கின் போக்குவரத்தைத் தாங்கி நின்றது ஒரு கல்வி என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்குப் பள்ளிக்கூடமில்லை, பாடநூல் இல்லை. எஞ்சினைச் செய்த கம்பெனிகளின் வரலாறு அச்சாகியிருக்கிறது. அந்த எஞ்சினை வேறொரு வண்டியில் மூச்சுவிடச் செய்தவர்களின் பெயர் பதிவுச் சான்றிதழில்கூட இல்லை. அங்கே எஞ்சின் எண் மட்டுமே இருக்கும்.

அவர்கள் விட்டுச் சென்ற ஏடு ஒன்று உண்டு. மேஸ்திரியின் பட்டறைச் சுவரில், வரிசையாக அடித்த ஆணிகளில், வளைந்த கம்பிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் என்றோ ஒரு வண்டிக்குப் பார்த்த வழி. சிலவற்றில் தகரத் துண்டு கட்டி வண்டியின் வகையையும் எஞ்சினின் வகையையும் ஆணியால் கீறியிருக்கிறார்கள். சில அவருடைய தகப்பனார் காலத்தவை. இரண்டு முறை பழைய இரும்புக்காரர் வந்து எடைக்குக் கேட்டாராம். நான் ஒரு பிற்பகல் முழுவதும் இருந்து, நான்கு கம்பிகளைத் தரையில் விரித்த காகிதத்தின்மேல் வைத்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்து, தகரத்தில் இருந்த எழுத்தையும் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். சுவரில் இன்னும் முப்பதுக்குமேல் இருக்கின்றன. அடுத்த மாதம் பெரிய காகிதத்தோடு மறுபடி போவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை எதையும் எடைக்குப் போடுவதில்லை என்று அவரும் சொல்லியிருக்கிறார்.